நிலா அறைக்குத் திலகர் திடல் சாமானா, அச்சிட்ட பிளாஸ்டிக்கா?

கையில் 45,000 ரூபாய், ஆறு வாரம், பட்டியலில் 63 பொருள்கள். நாங்கள் எடுக்கும் குறும்படம் 26 நிமிடம்; அதில் வரும் பொருள்களைத் தயார் செய்வது என் வேலை. நிலாவின் தென்துருவத்தில் ஒரு பராமரிப்பு அறை, அதில் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண், அவ்வளவுதான் களம். மதுரை செல்லூரில் தறி ஓடாமல் பூட்டிக் கிடந்த கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, உள்ளே அறையைக் கட்டத் தொடங்கிவிட்டோம். சுவர் பிளைவுட், அது எப்படியும் எழுந்துவிடும். சுவரில் எதை மாட்டுவது, அவள் கையில் எதைக் கொடுப்பது என்பதில்தான் மூன்று வாரமாக எங்களுக்குத் தூக்கமில்லை.

இயக்குநர் தம்பிக்கு 24 வயது. நேராகவே கேட்டார்: "அண்ணே, எல்லாத்தையும் திரீடி பிரிண்ட் போட்டுருவமா, இல்ல பழைய சாமான் வாங்கி ஒட்டுவமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க." திரீடி பிரிண்ட் என்றால் பிளாஸ்டிக் இழையை உருக்கிப் படலம் படலமாக அடுக்கிப் பொருளாக்குவது. சென்னையில் வாடகைக்கு எடுப்பது, எடிட்டிங்குக்குப் பிறகு கம்ப்யூட்டரில் வரைந்துகொள்வது என்று இன்னும் இரண்டு வழிகளும் இருக்கின்றன. நான்கையும் ஓரளவு செய்து பார்த்தேன். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ விருதுநகரிலோ இதே மாதிரி சின்னப் பணத்தில் அறிவியல் கதை எடுக்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வாடகையை முதலில் தள்ளிவிடுகிறேன். சென்னையில் கிடைக்கும் விண்வெளிச் சாமான்கள் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் அவை இன்னொருவருடைய படத்துக்காகச் செய்தவை. அதைவிடப் பெரிய சங்கடம், அவற்றைக் கீற முடியாது, பெயின்ட் அடிக்க முடியாது, ஓட்டை போட முடியாது. முன்பு வேறொரு படத்துக்கு ஒரு ஹெல்மெட்டை வாடகைக்கு எடுத்தபோது, பார்சலில் வந்து சேர்ந்த அன்றே முகக் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. அதற்கு முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. படப்பிடிப்பு முடியும்வரை அந்த ஹெல்மெட்டைத் தொடவே எல்லாரும் பயந்தார்கள். தினமும் தலையில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரு பொருளை அப்படிப் பயந்து பிடித்தால், பார்க்கிறவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இனி மற்ற மூன்றையும் எதை வைத்து ஒப்பிடுவது? பார்க்க எவ்வளவு புதுமையாக இருக்கிறது என்பதைத் தம்பி முதல் அளவுகோலாக வைத்திருந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1969 ஜூலையில் நிலாவில் இறங்கிய ஈகிள் கலத்தில், திரும்பி மேலேறும் எஞ்சினுக்கான சர்க்யூட் பிரேக்கரின் முனை உடைந்துபோயிருந்தது. விண்வெளி வீரர் பஸ் ஆல்ட்ரின் தன்னிடமிருந்த ஃபெல்ட் பேனாவை நுழைத்து அதை அழுத்தினார். 1972-இல் அப்பல்லோ 17 பயணத்தின்போது நிலா வண்டியின் மட்கார்டு உடைந்தது. வரைபடத் தாள்களை ஒன்றோடொன்று டேப் போட்டு ஒட்டி, கிளாம்ப் வைத்து இறுக்கி, அதையே மட்கார்டாக மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். மனிதன் கட்டியதிலேயே அதி நவீனமான கலங்களுக்குள் நடந்தது இது. ஆகவே ஒரு பொருள் நிஜமாகத் தெரிய மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்: இதை யார் எடுப்பார், எந்தக் கையால் எடுப்பார், உடைந்தால் என்ன செய்வார். புதுமை அதற்குப் பிறகுதான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் பழைய சாமான் முன்னால் நிற்கிறது. மதுரை திலகர் திடலில் பழைய சாமான் விற்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் நல்லதெல்லாம் கை மாறியிருக்கும். முதல் ஞாயிறு அங்கே எனக்குக் கிடைத்தவை: பித்தளைக் குழல் போட்ட ஒரு பழைய புரொஜெக்டர் லென்ஸ், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் முள் மானி மட்டும் தனியாக, எதிலிருந்து கழன்றதென்று விற்றவருக்கே தெரியாத ஒரு அலுமினியக் கூடு, டெலிபோன் பெட்டியிலிருந்து பிடுங்கிய சுவிட்சுகள் ஒரு பை நிறைய. எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து வாங்கிப் போனவர்களை நாம் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம். அந்தச் சாமானெல்லாம் எங்கே போயிற்று என்பதற்கு இந்தச் சந்தை ஒரு பதில்.

இந்த வழிக்கு முன்னோடிகளும் உண்டு. 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் நாயகன் பிடிக்கும் ஒளிவாளின் கைப்பிடி, க்ராஃப்லெக்ஸ் என்ற பத்திரிகை கேமராவின் ஃபிளாஷ் பிடிதான். செட் அலங்காரம் பார்த்த ரோஜர் கிறிஸ்டியன் அதை லண்டனில் ஒரு கேமராக் கடையில் கண்டெடுத்து, ரப்பர் பட்டைகளையும் கால்குலேட்டரிலிருந்து எடுத்த ஒரு துண்டையும் அதில் ஒட்டினார். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் விருதில் அவருக்கும் பங்கு கிடைத்தது. 1985-இல் வந்த பேக் டு த ஃபியூச்சரில் குப்பையைப் போட்டால் காலப் பயணக் காருக்கு மின்சாரம் தரும் கருவியும் அடிப்படையில் ஒரு காபிக்கொட்டை அரைக்கும் மிஷின்தான். ஃபிளாஷ் பிடி ஏன் வாளாக எடுபட்டது? அது ஏற்கெனவே கையில் பிடிக்கவென்று ஒருவர் வடிவமைத்த பொருள். விரல் எங்கே போக வேண்டும், கட்டைவிரல் எதை அழுத்த வேண்டும் என்று முன்பே யோசித்துச் செய்திருக்கிறார்கள். நாம் அந்த யோசனையை இலவசமாக வாங்கிக்கொள்கிறோம்.

எங்கள் அதிர்ஷ்டம், தறிக்கூடத்திலேயே கொஞ்சம் கிடைத்தது. தறியில் ஊடு நூலைச் சுமந்து அங்கும் இங்கும் ஓடும், இரண்டு முனையிலும் இரும்புக் கூம்பு பொருத்திய நாடா, பெட்டி நிறைய நூல் சுற்றும் தார்க்குச்சிகள், பாவு நூலைப் பிடிக்கும் விழுதுக் கம்பிகள். நாடாவை நடுவில் அறுத்து, உள்ளே சின்ன எல்.இ.டி. வைத்து, சுவரில் விரிசல் தேடும் கருவியாக மாற்றினேன். நெசவாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது நம்ம நாடால்ல?" என்று கேட்டார். வேறு யாருக்கும் தெரியவில்லை.

அவர் கேட்டதுதான் இந்த வழியின் ஆபத்து. பார்க்கிறவர் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் போச்சு. வெளிநாட்டுப் படத்தில் வரும் காபி மிஷின் நமக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நம் படத்தைப் பார்க்கப்போவது நம் ஊர்க்காரர்கள். குக்கர் வெயிட், மிக்ஸி ஜார், கேஸ் ரெகுலேட்டர் மூன்றையும் எவ்வளவு பெயின்ட் அடித்து மறைத்தாலும் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள். ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: சமையலறையிலிருந்தும் பைக்கிலிருந்தும் முழுசாக எதையும் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரி, அச்சகம், தியேட்டர் ஆபரேட்டர் அறை, தறி ஆகியவற்றின் சாமான் பெரும்பாலோர் கைக்கு வராதவை. அவற்றைத் தாராளமாக எடுக்கலாம்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் ஒன்று உண்டு. 1966-இல் ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரின் முதல் அத்தியாயங்களில் ஒன்றுக்கு உப்புக் குப்பி தேவைப்பட்டது. எதிர்காலத்தில் இருக்கிற மாதிரி விநோதமான குப்பிகளைத் தேடி வாங்கிவந்தார்கள். பார்த்தால், அது உப்புக் குப்பி என்றே யாருக்கும் புரியாது என்று தோன்றியது. கடைசியில் சாதாரணக் குப்பியையே காட்சியில் வைத்துவிட்டு, விநோதக் குப்பிகளை டாக்டரின் மருத்துவக் கருவிகளாக ஆக்கிவிட்டார்கள். எதற்காக இந்தப் பொருள் என்று காட்சியில் புரிய வேண்டியிருந்தால் பழகிய உருவம் வேண்டும். அது என்னவோ ஒரு கருவி என்றால் போதுமெனில் பழகாத உருவம் வேண்டும். எங்கள் 63 பொருளையும் இந்த ஒரு கோட்டின் இரண்டு பக்கமும் பிரித்து எழுதியபோது பாதிக் குழப்பம் தீர்ந்தது. அதே பட்டியலில் கையில் எடுப்பவை 19, சுவரிலும் மேசையிலும் சும்மா இருப்பவை 44.

அடுத்து திரீடி பிரிண்ட். இதன் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் தம்பி நினைத்த அளவுக்கு இல்லை. இதற்கு வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. ஒரு படலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்தால், உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று வெளியே வர அரை நாள் ஆகலாம். வந்ததும் அப்படியே வைத்துப் படம் எடுத்தால் அந்தப் படலக் கோடுகள் பக்கவாட்டு வெளிச்சத்தில் வரிவரியாகத் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, மறுபடி தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். மிஷின் வேலை செய்யும் நேரத்தைத்தான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். நம் கை வேலை செய்யும் நேரத்தை யாரும் போடுவதில்லை.

இன்னொன்று, மதுரை வெயில். பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். மூடிய காருக்குள் சித்திரை மாதம் அந்தச் சூடு எளிதாக வரும். இரண்டு வருடம் முன்பு ஒரு விளம்பரத்துக்காக நான் பிரிண்ட் எடுத்த கைக்கருவி ஒன்றைக் காரின் முன்பக்கம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அது வளைந்து கிடந்தது. பெட்ஜி (PETG) என்ற இன்னொரு வகை இழை இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். வெளியே எடுத்துப்போகும் சாமானுக்கு அதையே சொல்கிறேன்.

ஆனால் பழைய சாமானால் முடியாத ஒன்றை பிரிண்ட் செய்யும்: ஒரே மாதிரி பல. ஒரு நிலையத்தைக் கட்டியவர்கள் சுவிட்சு மூடியை ஒரே அளவில்தான் போட்டிருப்பார்கள், ஒரே வகைத் திருகுதான் எல்லாப் பலகையிலும் இருக்கும். சந்தையில் பொறுக்கிய பத்துச் சாமானைப் பக்கம்பக்கமாக மாட்டினால் பத்து ஊர்க்காரர்கள் நிற்பது மாதிரி இருக்கிறது. அவற்றின்மேல் ஒரே வடிவக் குமிழ், ஒரே வடிவ மூடி, ஒரே வடிவக் கொக்கி என்று பிரிண்ட் எடுத்து ஒட்டியதும், ஒரே கம்பெனியில் செய்தவையாக மாறிவிட்டன. எனக்கு இது எதிர்பாராத சந்தோஷம். பிரிண்ட்டை முழுப் பொருளுக்குப் பயன்படுத்தாமல், பொருள்களை ஒரே குடும்பமாக்கும் சின்ன உறுப்புகளுக்குப் பயன்படுத்துவது என்று அன்றே முடிவு செய்தோம்.

சுவரில் வரிசையாக 24 ஆக்சிஜன் குடுவைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்தால் மாதம் போய்விடும். ஒன்றை மட்டும் எடுத்து, நன்றாகத் தேய்த்து, மதுரைக்குப் பக்கத்தில் உள்ள விளாச்சேரிக்குக் கொண்டுபோனோம். கொலு பொம்மைக்கு அச்சு எடுத்து, காகிதக்கூழ் வைத்து அழுத்தி, காயவைத்து எடுக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. சுவரில் தெரியும் பக்கம் மட்டும் போதும் என்பதால் பாதிக் குடுவையாகவே செய்யச் சொன்னோம். காற்று மாதிரி லேசாக இருக்கின்றன, பிளைவுட்டில் பசையே தாங்குகிறது. இந்த ஊரில் இருக்கிற இந்தக் கைவேலையை நம் படக்காரர்கள் இன்னும் அதிகமாகத் தேடிப்போக வேண்டும்.

எடையைப் பற்றித் தம்பியோடு ஒரு மாலை முழுக்க விவாதம். "நிலாவுல எடை ஆறுல ஒண்ணுதானேண்ணே. பிளாஸ்டிக்க குடுத்தா அதுவே கரெக்டா இருக்கும்ல?" நல்ல கேள்வி. பதில் பாதிதான் ஆம். ஆறு கிலோ ஸ்பேனர் பெட்டியை நிலாவில் தூக்கினால் இங்கே ஒரு கிலோவைத் தூக்குகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அதைப் பக்கவாட்டில் வீசித் திருப்பினாலோ, ஓட்டத்தில் இருப்பதை நிறுத்தினாலோ, அது ஆறு கிலோவுக்கு உண்டான முரண்டைப் பிடிக்கும். எடை குறையும், நிறை குறையாது. வெற்றுப் பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தால் நடிகை அதை லேசாகத் தூக்குவார், அது சரி. ஆனால் தீப்பெட்டி மாதிரி சட்டென்று திருப்பவும் செய்வார், அதுதான் தப்பு. கனமான பெட்டியைக் கொடுத்தால் திருப்புவது சரியாக வரும், தூக்குவது தப்பாக வரும்.

ஒத்திகையில் இரண்டையும் செய்து பார்த்தோம். லேசான பெட்டியைக் கொடுத்து, "திருப்பும்போது மட்டும் உள்ளே தண்ணி தளும்புதுன்னு நினைச்சுக்கங்கம்மா" என்று சொன்னதும் சரியாக வந்தது. ஆகவே பெரிய பொருள்கள் லேசு. உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள்களுக்கு மட்டும் கனம் வைத்தோம்: உள்ளே இரும்பு நட்டுகளை எம்-சீல் போட்டுப் பதித்தோம். கையடக்கப் பொருளில் விரல்கள் இறுகும் விதத்தைக் கேமரா கிட்டத்தில் பார்க்கும். அங்கே நடிப்பால் ஈடுகட்டுவது கஷ்டம்.

கம்ப்யூட்டரில் பிறகு சேர்ப்பதை ஜன்னலுக்கு வெளியே தெரிவதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். கருப்பு வானம், சாம்பல் தரை, தொலைவில் பூமி. இவற்றை ஒரு நண்பர் செய்து தருகிறார். கையில் பிடிக்கும் எதையும் அப்படிச் செய்யக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரைகள் விஷயத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பச்சைத்தாள் ஒட்டி எடுத்துவிட்டுப் பிறகு படத்தைப் பொருத்துவது எளிது என்றார்கள். ஆனால் எங்கள் அறையில் முக்கால்வாசி வெளிச்சமே அந்தத் திரைகளிலிருந்துதான் அவள் முகத்தில் விழுகிறது. பச்சைத்தாளிலிருந்து பச்சைதான் விழும்.

1968-இல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்தில் கலத்தின் திரைகளில் ஓடுவதெல்லாம் பின்னாலிருந்து 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர் வைத்துப் போட்டவை. அதே படத்தில் காற்றில் மிதக்கும் பேனா, சுழலும் கண்ணாடித் தட்டில் இரண்டு பக்க டேப்பால் ஒட்டப்பட்டது. 1987-இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொடரில் மைக்கேல் ஒகுடா, கட்டுப்பாட்டுப் பலகைகளை வண்ணத் தாளில் அமைத்துப் பின்னாலிருந்து விளக்குப் போட்டார். நூற்றுக்கணக்கில் பொத்தானும் முள்ளும் செய்வதைவிட அது செலவு குறைவு. நமக்கு இதை மொழிபெயர்த்தால், ஃபிளெக்ஸ் கடையில், பின்னால் விளக்குப் போட்டால் வெளிச்சம் ஊடுருவும் பேக்லிட் ஷீட்டில் பிரிண்ட் எடுத்து, பின்னால் எல்.இ.டி. பட்டை. ஏழு பலகைகள் அப்படித்தான் செய்கிறோம். அசைவு தெரிய வேண்டிய இரண்டு இடத்தில் மட்டும் பழைய டேப்லெட்.

இதில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் கோணத்தை 172.8 டிகிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் பதிவாகும் நேரம் சரியாக ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்போது மின்விளக்குகளின் துடிப்பு படத்தில் வராது. எல்.இ.டி. பட்டைக்கு மலிவான டிம்மர் போட்டால் அதுவே விட்டுவிட்டு எரிந்து, படத்தில் கோடு கோடாக ஓடும். வெளிச்சம் அதிகமாக இருந்தால் டிம்மரைத் தொடாமல் முன்னால் டிரேசிங் பேப்பரை ஒட்டிக் குறைப்பதே பத்திரம்.

எழுத்துகளுக்கு வருகிறேன். நான் அதிகம் மனதைக் கொடுத்தது இதில்தான். எங்கள் நிலையத்தின் அறிவிப்புகள் தமிழில் இருக்கும் என்பது கதையிலேயே இருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. அங்கிருந்து கிளம்பிய கலம் என்று வைத்துக்கொண்டால் தமிழ் எழுத்து வருவதில் ஆச்சரியம் இல்லை. எழுதும் விதம்தான் கேள்வி. 1979-இல் வந்த ஏலியன் படத்துக்கு ரான் காப் என்ற ஓவியர் கலம் முழுக்கப் பொருத்தமான குறியீடுகளைச் சின்னச் சதுரங்களாக வரைந்தார்: காற்றழுத்தம் உள்ள இடம், இல்லாத இடம், இப்படி. கதையில் யாரும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அந்தக் கலம் ஒரு வேலைத்தளம் என்பதை நாம் நம்ப அவை பெரிய காரணம்.

நாங்களும் சின்னம் மேலே, தமிழ் கீழே என்று 11 அறிவிப்புகள் எழுதினோம். அலுவலகத் தமிழில் "அவசரகால வெளியேற்ற வழி" என்று முதலில் எழுதி, பிறகு "வெளியே" என்று அடித்துத் திருத்தினேன். புகை மண்டிய அறையில் ஒருவர் படிக்க வேண்டிய சொல் அது.

இவற்றை வெட்டிக்கொடுப்பவர் ரேடியம் ஸ்டிக்கர் கடைக்காரர். பைக்குக்கும் ஆட்டோவுக்கும் எழுத்து வெட்டுகிற அதே மிஷின், அதே வினைல். முதல் முறை கொடுத்தபோது "கொ", "போ" எல்லாம் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் வெட்டுப்பட்டு வந்தது. கடைக் கம்ப்யூட்டரில் பாமினி என்ற பழைய முறை எழுத்துரு. நான் கொடுத்தது இப்போதைய பொது முறையான யூனிகோடு; ஒன்றில் எழுதியது மற்றதில் சரியாக வராது. அவர்மேல் தப்பில்லை. இரண்டாம் முறை வீட்டிலேயே எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி, படமாக்கிக் கொடுத்தேன், சுத்தமாக வந்தது. வெளிநாட்டுப் படங்களில் பெயர்ப்பலகைத் தமிழ் உடைந்து கிடப்பதைப் பார்த்து எத்தனை முறை மனம் கசந்திருக்கிறோம். நம் படத்தில் அது நடக்கவே கூடாது.

தூசி. நிலாவில் காற்றும் நீரும் இல்லாததால் அங்குள்ள தூசித் துகள்கள் உருண்டு மழுங்குவதில்லை. கூர்மையாகவே இருந்து உடையிலும் கருவியிலும் ஒட்டிக்கொள்கின்றன. சந்திரயான் கருவிகளைச் சோதிக்க நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியின் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ நிலா மண்ணாகப் பயன்படுத்தியது. அதைக் கேட்டதும் தம்பிக்கு உடனே வண்டி எடுக்க வேண்டும் என்ற ஆசை. "அவ்வளவு தூரம் வேணாம்ணே, மேலூர்ல கிரானைட் தூள் கெடைக்குமே" என்றார் இன்னொருவர். இரண்டையும் மறுத்தேன். பூட்டிய கூடத்துக்குள் கல் தூளைப் பறக்கவிட்டால் அது நுரையீரலுக்குள் போகும். கிரானைட்டில் உள்ள சிலிக்கா மிகவும் கெட்டது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய முல்தானி மெட்டியில் அடுப்புக்கரித் தூளைக் கலந்து, பறக்கவிடாமல் ஈரத்துணியால் ஒற்றிப் பூசுகிறோம், பூசும்போது முகக்கவசமும் உண்டு. வெளிக்கதவுப் பக்கம் அதிகம், மேசைப் பக்கம் குறைவு, படுக்கையில் இல்லவே இல்லை. அவள் சுத்தக்காரி.

எல்லா வழிக்கும் பொதுவான கடைசி வேலை தேய்மானம். புதிதாகச் செய்பவர்கள் பொருள் முழுக்க ஒரே மாதிரி அழுக்கைப் பூசிவிடுகிறார்கள். கோயில் மண்டபத் தூணைப் பாருங்கள். கை படும் உயரத்தில் மட்டும் கருத்து வழவழப்பாக இருக்கும். அதற்கு மேலே கல் கல்லாகவே இருக்கும். கை போகிற இடத்தில்தான் பொருள் தேயும். நாங்கள் செய்வது இது: முதலில் முழுக்க சில்வர் பெயின்ட். காய்ந்ததும், தேயும் என்று நினைக்கிற ஓரங்களை மட்டும் நனைத்துக் கல்லுப்பைத் தூவுகிறோம். அதன் மேல் வெள்ளையோ மஞ்சளோ அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பெயின்ட் பெயர்ந்து உள்ளே உலோகம் தெரிகிற மாதிரி வரும். ஓரங்களில் பென்சில் கரியை விரலால் தேய்த்தால் இன்னும் அழகு. பிளாஸ்டிக் பிரிண்ட்டும் காகிதக்கூழ் குடுவையும் சந்தைச் சாமானும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

டிபன் கேரியர் விஷயத்தில் மட்டும் எனக்கும் தம்பிக்கும் கடைசிவரை இழுபறி. அம்மா கொடுத்துவிட்ட நான்கு அடுக்கு எவர்சில்வர் கேரியர் நிலாவில் மேசைமேல் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. விண்வெளிக்கு ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்; நான்கு அடுக்கை எந்த நிலையமும் விடாது என்று நான். ஆனால் எல்லாரும் அடையாளம் காண வேண்டிய பொருள் இது என்பதில் அவர் சொல்வதுதான் சரி. முடிவில் ஒரே ஒரு அடுக்கு, மூடி இல்லாமல். அதில் அவள் திருகாணிகளைப் போட்டு வைத்திருக்கிறாள். அடியில் வீட்டுப் பேர் பொறித்த எழுத்து தலைகீழாகத் தெரியும்.

கணக்கு இப்படிப் பிரிந்தது. சந்தை, பழைய இரும்புக் கடைச் சாமானுக்கு 16,000. பிரிண்ட்டுக்கு 7,000. விளாச்சேரிக்கு 5,000. ஸ்டிக்கர், பேக்லிட் ஷீட் 4,500. விளக்கு, டேப்லெட் 6,000. பெயின்ட், பசை, உப்புத்தாள் 3,500. மிச்சம் 3,000 உடைவதற்கு. கையில் எடுக்கும் 19-இல் 15 சந்தைச் சாமான், மூன்று பிரிண்ட், ஒன்று கேரியர் அடுக்கு. பணம் கூடுதலாக இருக்கிறவர்கள் பிரிண்ட் பங்கை ஏற்றிக்கொள்ளலாம். கதை நடக்கும் இடம் புத்தம் புதிய கலம் என்றால் என் முடிவே மாறும். அங்கே சந்தைச் சாமானின் வயது இடிக்கும்.

காற்று அளக்கும் கைக்கருவி மட்டும் இன்னும் முடியவில்லை. அந்த ரத்த அழுத்த முள் மானியைப் புரொஜெக்டர் குழலில் பொருத்தி, மேலே பிரிண்ட் எடுத்த குமிழ் வைத்திருக்கிறேன். படத்தில் அவள் 30 தடவைக்கு மேல் அதை எடுக்கிறாள். உப்பும் பென்சிலும் போட்டுப் பார்த்தேன். கிட்டத்து ஷாட்டில் எனக்கே திருப்தியில்லை. நேற்று அதற்கு மஞ்சள் பெயின்ட் மட்டும் அடித்து, நடிகையிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். பத்து நாள் அவர் பஸ்ஸில் போகும்போதும், டி.வி. பார்க்கும்போதும் அது கையிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டோம். "குமிழைத் திருகிக்கிட்டே இருக்கலாமாண்ணே?" என்று கேட்டார். அதற்காகத்தானே கொடுத்தது.